டீ தீர்ந்துபோன கடை

தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்கள் உட்கார ஒரு பெஞ்சு, வெள்ளைக்காரர்கள் உட்கார வேறு பெஞ்சு என்று நான் படத்தைக் காட்டிச் சொன்னபோது, கூட்டத்தில் முதல் ஆளாகக் கொதித்து எழுந்தவர் அந்த ஊர் டீக்கடைக்காரர்.

"இதென்ன அநியாயமா இருக்கு! மனுசனாப் பெறந்தவன் செய்யிற காரியமா இது?" என்று கையை நீட்டிக் கத்தினார்.

முன்வரிசையில் இருந்த ஆண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அந்த நிமிடமே அவரைப் பிடிக்காமல் போயிற்று. ஏனென்றால் அன்று காலையில்தான் பஸ்ஸை விட்டு இறங்கி அவருடைய கடையைப் பார்த்திருந்தேன்.

அறுபதுகளின் கடைசி அது. அருப்புக்கோட்டையில் கடை வைத்துப் பிழைக்கிற குடும்பத்துப் பெண் நான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பயிற்சி எடுத்து, கிராம சேவிகாவாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மாதர் சங்கம் நடத்துவது, புகையில்லா அடுப்பு போடச் சொல்லிக் கொடுப்பது, பிள்ளைகளுக்குச் சத்துமாவு கிண்டுவது, இவைதான் என் வேலை. அந்த வருடம் மேலிடத்திலிருந்து புதிதாக ஓர் உத்தரவு வந்தது. மனித உரிமை என்றால் என்ன, உலகத்தில் எங்கெங்கே அது மறுக்கப்படுகிறது என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டும். அதற்கென்று அட்டையில் ஒட்டிய பெரிய பெரிய படங்களும் வந்திறங்கின.

எங்கள் அதிகாரி அந்தப் படங்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நாலு ஊர்ல கட்டித் தொங்கவிட்டு, ஒரு பத்து நிமிசம் பேசிட்டு வந்துருங்கம்மா. பிரச்சனை வராத விசயம். எல்லாம் வெளிநாட்டு சமாச்சாரம்" என்றார்.

அந்த ஊர் திருச்சுழியைத் தாண்டி நரிக்குடி போகிற பாதையில் இருந்தது. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதையும் ஒரு பெருமையாக எடுத்துக்கொள்வார்கள். கண்மாயில் தண்ணீர் கிடந்தால் நெல், இல்லையென்றால் கரிசலில் பருத்தியும் கம்பும். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டிருந்தோம். ஊர்க்காரர்கள் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். காலனி ஜனங்கள் வண்டிப்பாதைக்கு அந்தப் பக்கம், வெயிலில் உட்கார்ந்தார்கள். யாரும் அவர்களை அங்கே உட்காரச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு அது பழகிப்போயிருந்தது.

டீக்கடைக்காரர் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர். ரங்கூன் பக்கத்தில் பெரிய பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அங்கே ஆட்சி மாறியதும் கடையைப் பறித்துக்கொண்டு இவர்களைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். துறைமுகத்தில் இந்தியர்களைத் தனி வரிசையில் நிற்கவைத்ததையும், மனைவியின் காதுத் தோட்டைச் சிப்பாய் ஒருவன் கழற்றி வாங்கியதையும் அவர் சொல்லிக் கேட்க வேண்டும். அன்றைக்கும் சொன்னார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தத் துயரம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மனிதன் பட்ட கஷ்டம் அவனுக்கு நல்லது சொல்லிக்கொடுத்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு அவரால்தான் போயிற்று.

அவருடைய கடை பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருந்தது. உள்ளே பலகையில் கண்ணாடிக் கிளாஸ்களைக் கவிழ்த்து வைத்திருப்பார். வெளியே கூரையிறக்கத்தில், ஆணியில் நசுங்கிய அலுமினிய டம்ளர்கள் தொங்கும். காலனி ஆட்கள் வந்தால் அந்த டம்ளரைத் தாங்களே எடுத்துக் கழுவி நீட்ட வேண்டும். அவர் படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். தரையில் குத்தவைத்துக் குடித்துவிட்டு, மறுபடி கழுவி ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். கடையில் இருந்த இரண்டு பெஞ்சும் ஊர்க்காரர்களுக்கு.

கூட்டம் நன்றாக நடந்தது என்று கேட்டு எங்கள் அதிகாரி பூரித்துப்போனார். "அந்த பர்மாக்காரரையே மெயினாப் பேச வைங்க. இன்னொரு கூட்டம் போடுவோம், நானும் வாரேன்" என்றார்.

அதற்கு இடையில் நான் அந்த ஊரிலேயே ஒரு வீட்டில் வாடகைக்குக் குடிவந்திருந்தேன். காலனிப் பெண்களுக்கான வகுப்பும் வந்தது. பருத்தி எடுத்துவிட்டு வந்த அசதியோடு பத்துப் பதினைந்து பேர் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் படங்களை எடுத்துப் போகவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் ஓர் அம்மா விடவில்லை. முப்பது வயது இருக்கும். பருத்திக் காட்டுக்கு ஆள் கூட்டிப் போகிறவர். காட்டின் இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடியில் கேட்கும் குரல் அவருக்கு.

"டீச்சரு, ஒண்ணு கேக்கணும். அந்தக் கறுப்பு ஆளுகளுக்கு அந்த ஊர்ல டீ எதுல ஊத்திக் குடுப்பாக?"

யாரும் சிரிக்கவில்லை.

"அது எனக்குத் தெரியலை. இங்க எதுல குடுக்குறாங்கன்னு தெரியும். அது சட்டப்படி குத்தம்" என்றேன்.

"எந்த ஊருச் சட்டம்?"

"நம்ம நாட்டுச் சட்டம்தான். கடை, கெணறு, கோயில், எங்கயும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் காட்டக் கூடாது. காட்டுனா போலீஸு கேஸு போடலாம். ஜெயிலுக்கும் அனுப்பலாம்."

"போட்டு எம்புட்டு நாளாச்சு அந்தச் சட்டம்?"

"பத்து வருசத்துக்கு மேல ஆச்சு."

"பத்து வருசமா அதை எங்கன வச்சிருந்தீக?" என்றார் அந்த அம்மா. கோபம் நேராக என் மேல்தான் வந்தது. "சத்துமாவு கிண்டச் சொல்லிக் குடுத்தீக. அடுப்புப் போடச் சொல்லிக் குடுத்தீக. இதைச் சொல்ல ஒங்க யாருக்கும் வாய் வரல."

"இப்பச் சொல்லிட்டேன்ல" என்று நானும் கோபமாகவே சொன்னேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர், "இன்னொருதடவ மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றார். சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னார். மற்ற பெண்களும் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தார்கள். பொழுது சாய்கிற வரைக்கும் அந்த வகுப்பு முடியவில்லை.

இரண்டாவது கூட்டத்துக்கு ஜீப் வந்தது. மைக் வந்தது. அதிகாரிக்கும் பஞ்சாயத்துத் தலைவருக்கும் நாற்காலி. டீக்கடைக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு வந்து, ரங்கூன் துறைமுகத்தில் தொடங்கித் தென்னாப்பிரிக்கா வரைக்கும் பேசினார். உலகத்தில் எந்த மூலையில் மனிதனை மனிதன் இழிவு செய்தாலும் நம் ரத்தம் கொதிக்க வேண்டும் என்றார். கைதட்டல் ஓய்ந்ததும் அதிகாரி, "யாராவது சந்தேகம் கேக்கலாம்" என்றார். ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார்.

அந்த அம்மா எழுந்து வண்டிப்பாதையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார். பின்னாலேயே நாலைந்து பெண்கள். ஊர்க்காரர்கள் அவர்கள் மேலே பட்டுவிடாமல் ஒதுங்கியதில் தானாகவே வழி கிடைத்தது. மைக் அவருக்குத் தேவைப்படவில்லை.

"மொதலாளி, அந்தச் சிப்பாயி ஒங்களத் தனி வரிசையில நிப்பாட்டுனப்ப ஒங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

கடைக்காரருக்குக் கேள்வியின் போக்கு புரியவில்லை. "வயிறெரிஞ்சதுத்தா. இன்னைக்கும் நெனச்சா எரியுது" என்றார்.

"எங்களுக்கும் ஒங்க கடையில டம்ளரைத் தூக்கிக் கழுவுறப்ப அப்படித்தான் எரியுது. நாளையில இருந்து எங்களுக்கும் கிளாஸுல ஊத்துவீகளா?"

நாலாபக்கமும் கத்தல் எழுந்தது. "ஏலே, அவளப் பிடிச்சு அங்கிட்டுத் தள்ளுங்கடா!" என்று ஒரு குரல். மண்ணாங்கட்டி ஒன்று பறந்து வந்து படத்தில் விழுந்தது. பஞ்சாயத்துத் தலைவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி என்னைப் பார்த்து, "கூட்டத்தை முடிங்கம்மா, முடிங்க" என்று பல்லைக் கடித்தார்.

நான் மைக்கைப் பிடித்தேன். அவர் கேட்டது சரியான கேள்வி, தனி டம்ளர் வைப்பது சட்டப்படி குற்றம், அதற்குத் தண்டனை இன்னதென்று சொன்னேன். பாதியிலேயே ஜீப் டிரைவர் மைக் ஒயரைப் பிடுங்கிவிட்டார். யார் கண்காட்டினார்கள் என்று எனக்குத் தெரியும். ஒயரில்லாமலேயே மீதியையும் கத்திச் சொல்லி முடித்தேன். தொண்டை கட்டிவிட்டது.

மறுநாள் முதல் காலனியிலிருந்து யாரையும் பருத்தி எடுக்கக் கூப்பிடவில்லை. எனக்கு ஊரில் அரிசி கிடைக்கவில்லை, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மா என் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு, "பெரியவுக சொல்லிட்டாக. நான் என்ன செய்ய?" என்றார். அவரோடு எத்தனையோ நாள் ஒரே அம்மியில் அரைத்திருக்கிறேன். அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். நான் திருச்சுழிக்கு ஜாகை மாறி, அங்கிருந்து பஸ்ஸில் வந்து போனேன்.

டீக்கடைக்காரர் ஒருநாள் என்னைப் பார்க்க வந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"தாயி, நீ நம்ம புள்ள. ஒங்கய்யாவை எனக்கு நல்லாத் தெரியும். நம்ம தாத்தன்மாருகளையும் ஒரு காலத்துல கோயில் தெருவுல நடக்க விடல. நாம என்ன, அவுககூட மல்லுக்கா நின்னோம்? யாவாரம் பண்ணோம், படிச்சோம், மேல வந்தோம். இவுகளும் அப்படி வரட்டுமே. இப்ப என்ன அவசரம்?"

"மேல வந்தாச்சுல்ல? இப்பக் கிளாஸுல ஊத்துறதுக்கு என்ன?"

"நான் ஊத்துனா மத்தவன் எவனும் கடைப்பக்கம் வரமாட்டான். ஏற்கெனவே ஒரு கடையைப் பறிகுடுத்துட்டு வந்தவன் தாயி நான்."

அது உண்மை என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இருந்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. தன் பயத்துக்கு இன்னொருவரை விலையாகக் கொடுக்கச் சொல்கிறாரே என்ற ஆத்திரம்தான் வந்தது. "நீங்க போயிட்டு வாங்க" என்றேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

பருத்திக் காட்டுக்கு ஆள் கூட்டிப் போகிற அந்த அம்மாவும் இன்னும் நாலு பெண்களும் நானும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். ஏட்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார். "கிளாஸுல டீ குடிக்காட்டி ஒங்க உசுரா போயிரும்?" என்றார்.

"கிளாஸுல ஊத்துனா அவரு உசுரா போயிரும்னு அவர்ட்டக் கேட்டீகளா?" என்றார் அந்த அம்மா.

புகாரை வாங்காமல் நாங்கள் நகரமாட்டோம் என்று தெரிந்ததும் இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். அரசாங்க வேலையில் இருக்கிற ஒருத்தி சட்டத்தைச் சொல்லிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவருக்கு இடைஞ்சலாக இருந்தது. கேஸ் போடவில்லை. டீக்கடைக்காரரைக் கூப்பிட்டுவிட்டு, தனி டம்ளரை இன்றைக்கே எடுத்துவிட வேண்டும், மறுபடி புகார் வந்தால் உள்ளே தள்ளிவிடுவேன் என்று எச்சரித்து அனுப்பினார்.

அலுமினிய டம்ளர்கள் ஆணியிலிருந்து இறங்கின. மறுநாள் காலை அந்த அம்மா கடைக்கு முன்னால் போய் நின்று ஒரு டீ கேட்டார்.

"டீ தீந்துபோச்சு" என்றார் கடைக்காரர்.

பாய்லரில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. சட்டியில் பால் நிறைந்திருந்தது. அந்த அம்மா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. நான் காலை பஸ்ஸில் வந்து இறங்கியபோது நிலைமை அப்படித்தான் இருந்தது. பெஞ்சில் நாலைந்து ஆண்கள் டீக்காகக் காத்திருந்தார்கள்.

"என்னப்பா, ஊத்து" என்றார் ஒருவர்.

"எப்படி ஊத்த? தீந்துபோச்சுன்னு சொல்லிட்டேன்ல" என்று கடைக்காரர் முனகினார்.

"அவளுக்குத்தானப்பா சொன்னே?"

"அவருக்கு ஊத்துங்க மொதலாளி" என்றார் அந்த அம்மா. "ஊத்துனா டீ இருக்குன்னு அர்த்தம். எனக்கும் ஒண்ணு ஊத்துங்க. இல்லேன்னா இவுகள்லாம் சாட்சி."

யாருக்கும் டீ கிடைக்கவில்லை. ஆண்கள் அவரைத் திட்டினார்கள். இங்கே எழுத முடியாத வார்த்தைகள் அவை. ஓர் ஆள் மாட்டுக்கம்பை ஓங்கிக்கொண்டு வந்தான். இன்ஸ்பெக்டரின் எச்சரிக்கை சூடாக இருந்ததால் மற்றவர்கள் அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த அம்மா வெயில் ஏறுகிற வரைக்கும் நின்றார். அவர் போனதும் இன்னொரு பெண் வந்து அதே இடத்தில் நின்றார். அவர் போனதும் இன்னொருவர். பகல் முழுக்கப் பால் கொதித்துச் சுண்டியது.

"இப்படி எத்தனை நாளைக்கு நிக்க முடியும்?" என்று நான் கேட்டேன்.

"காட்டு வேலையைத்தான் நிறுத்திட்டாகள்ல. எங்களுக்கு வேற என்ன சோலி இருக்கு?" என்றார் அவர்.

அந்த நாட்கள் வேடிக்கையாக இருந்தன என்று யாரும் நினைக்க வேண்டாம். காலனியில் அடுப்பெரியாத வீடுகள் இருந்தன. சில பெண்கள் கைப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரெட்டியபட்டிப் பக்கம் வேலை தேடிப் போனார்கள். நின்ற பெண்கள்மேல் பாத்திரம் கழுவிய தண்ணீரை வீசி ஊற்றினார்கள். ஈரச் சேலையோடு நின்றார்கள். ஒருநாள் நானும் அந்த வரிசையில் போய் நின்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்துக் காறித் துப்பினார். சந்தோஷமாக இருந்தது. நம்ம புள்ள என்ற பேச்சு அதோடு முடிந்ததே.

பெண்களின் பிடிவாதத்தோடு பருத்தியும் சேர்ந்துகொண்டது. காடு முழுக்கக் காய் வெடித்து வெள்ளையாகக் கிடந்தது. சுற்று வட்டாரத்தில் எல்லா ஊரிலும் அதே பருவம் என்பதால் வெளி ஆட்கள் வரவில்லை. காற்றில் பருத்தி உதிர்ந்து மண்ணில் புரண்டது. காடு வைத்திருந்த பெரிய மனிதர்கள், அதுவரை கடைக்காரருக்குப் பின்னால் தூணாக நின்றவர்கள், ஒருநாள் காலை அவர் கடைக்கே வந்தார்கள்.

"யோவ், ஒரு டீயை ஊத்தித் தொலையும். அங்க பருத்தியெல்லாம் பாழாப் போகுது" என்றார் பஞ்சாயத்துத் தலைவர்.

"நீங்கதான ஊத்தக் கூடாதுன்னீக?" என்றார் கடைக்காரர்.

"இப்ப ஊத்தச் சொல்றேன்."

கடைக்காரர் கண்ணாடிக் கிளாஸில் டீயை ஊற்றிப் பலகையின் மேல் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. அந்த அம்மா எடுத்து, அவசரப்படாமல், ஊதி ஊதிக் குடித்தார். சுற்றி நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடித்துவிட்டுக் கிளாஸைப் பலகையில் வைத்ததும் கடைக்காரர் அதை எடுத்து எதிரே கிடந்த கல்லில் எறிந்து உடைத்தார்.

"சீனி பத்தல மொதலாளி. நாளைக்குக் கொஞ்சம் கூடப் போடுங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா பருத்திக் காட்டுக்கு ஆள் கூட்டிப் போனார்.

அடுத்த நாள் மூன்று பெண்கள் வந்தார்கள். மூன்று கிளாஸ் உடைந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் அதிகம் பேர். கிளாஸ் வாங்க அவர் அருப்புக்கோட்டைக்குத்தான் போக வேண்டும். ஒரு வாரத்தில் உடைப்பது நின்றுபோயிற்று. பெஞ்சில் மட்டும் அவர்களை உட்கார விடவில்லை. நான் அந்த ஊருக்கு வந்துபோன கடைசி நாள் வரைக்கும் அவர்கள் நின்றுகொண்டுதான் குடித்தார்கள்.

அந்தக் கடைசி நாள் சீக்கிரமே வந்தது. எங்கள் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, கூட்டத்தில் நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுக்கச் சொன்னார். "உலக சமாச்சாரம் பேசச் சொன்னா உள்ளூர்ச் சண்டையை இழுத்துட்டீங்களே" என்றார். "உலகத்துல இந்த ஊரும் இருக்கு சார்" என்றேன். மாவட்டத்தின் மறுகோடிக்கு மாற்றல் வந்தது. அந்த அம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். கலங்குவார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. "போற ஊர்லயாச்சும் மொத நாளே சொல்லிருங்க டீச்சரு" என்றார். அவ்வளவுதான்.

அப்படியே செய்தேன். அதற்குப் பிறகு வேலை பார்த்த எந்த ஊரிலும் நான் தென்னாப்பிரிக்காவில் தொடங்கவில்லை. அந்த ஊர் டீக்கடையில் தொடங்கினேன், அந்த ஊர்க் கிணற்றில் தொடங்கினேன். எல்லா ஊரிலும் எனக்குக் கெட்ட பெயர். மாற்றல் மேல் மாற்றல். கல்யாணம் பேசி வந்தவர்கள் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனதும் உண்டு. வீட்டில் எல்லோரும் என்னைச் சண்டைக்காரி என்றார்கள். நான் மறுக்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் பாளையம்பட்டியில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருந்த கூட்டத்தில் அந்த டீக்கடைக்காரர் இருந்தார். நன்றாகத் தளர்ந்திருந்தார். கடையை ஹோட்டலாக ஆக்கிவிட்டாராம். சுற்றிலும் ஏழெட்டுப் பேரை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"நம்ம வட்டாரத்துலேயே தனி டம்ளரை மொதல்ல எடுத்தவன் நான்தான்யா. பர்மாவுல பட்டவன்ல? எனக்கு மனுசனோட வலி தெரியும். ஊரே எதுத்துச்சு. போங்கடான்னு ஊத்துனேன்" என்றார். கேட்டவர்கள் மெச்சிக்கொண்டார்கள். ஒருவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் எழுந்து அவர் முன்னால் போய் நின்றேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. முகம் செத்துப்போயிற்று.

"நீங்க எடுக்கலை. ஒங்க கையிலிருந்து பிடுங்குனாங்க" என்றேன். "காலனிப் பொம்பளைங்க பசியோட நின்னு பிடுங்குனாங்க. அவங்க குடிச்ச கிளாஸைக் கல்லுல எறிஞ்சு ஒடச்சீங்க. அதையும் சேத்துச் சொல்லுங்க."

"விசேஷ வீட்டுல வந்து என்ன பேச்சு தாயி இது?" என்றார் அவர்.

"ஏம்மா, பெரியவுகட்ட இப்படியா பேசுறது?" என்று யாரோ என் கையைப் பிடித்தார்கள். கல்யாணப் பெண்ணின் அப்பா ஓடி வந்து என்னைப் பந்திப் பக்கம் தள்ளப் பார்த்தார். நான் கையை உதறிக்கொண்டு, சுற்றி இருந்தவர்களிடம் பாய்லர் கொதித்ததையும், டீ தீர்ந்துபோச்சு என்று அவர் சொன்னதையும், ஈரச் சேலையோடு அவர்கள் நின்றதையும் ஒன்று விடாமல் சொன்னேன். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதிப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள். கடைக்காரர் கடைசிவரை இல்லையென்று சொல்லவில்லை.

சொல்லி முடித்ததும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.